ஓட ஓட சரியாயிடும்

மக்களே, முதல்ல ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பரில் எனக்கு நல்ல மார்க். பாஸ்கல் விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அப்படிப்பட்ட நான்தான் போன செமஸ்டர் லீவில் எங்க அப்பா வண்டியின் பிரேக்கைக் கழற்றி, புது பார்ட்ஸ் போட்டு, முன்னைவிட மோசமாக்கி வைத்தேன். அதுகூடப் பரவாயில்லை. அதுக்கப்புறம் நான் சொன்ன ஒரு வார்த்தைதான் இந்தக் கட்டுரையை எழுத வைக்கிறது.

எங்களுக்குத் திண்டுக்கல். அப்பா ஒரு குட்டி யானை ஓட்டுகிறார். 2005-ல் டாடா ஏஸ் வந்த பிறகு ஊர் முழுக்க இந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. இப்போ எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும், சின்ன சரக்கு வண்டி என்றால் எங்க பக்கம் குட்டி யானைதான். வாரத்துக்கு மூணு நாலு தடவை அப்பாவுக்கு சிறுமலை லோடு இருக்கும். நத்தம் ரோட்டில் போய்ப் பிரிந்து மலை ஏறினால் 18 கொண்டை ஊசி வளைவு. காலியாக ஏறி, வாழைத்தாரும் எலுமிச்சை மூட்டையும் ஏற்றிக்கொண்டு இறங்கணும். கவனிங்க. ஏறும்போது காலி, இறங்கும்போது முழு லோடு. பிரேக்குக்கு இதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது.

வண்டியில் என்ன பிரச்சினை என்றால், பிரேக் அடித்தால் இடது பக்கமாக இழுத்தது. முன்சக்கரம் ரெண்டும் டிஸ்க், பின்சக்கரம் ரெண்டும் டிரம். வலது முன்சக்கர காலிப்பரில் பிஸ்டன் துரு ஏறி இறுகிப்போயிருந்தது. வலது பக்கம் பிடிக்காததால் இடது பக்கம் மட்டும் பிடித்து இழுக்கிறது. ஒன்றை மட்டும் மாற்றாமல் ரெண்டு பக்கமும் ஜோடியாக மாற்றுவது நல்லது, பின்னாடி பிரேக் ஷூவும் தேய்ந்துவிட்டது என்றார்கள். சாமான் விலை ஒரு பக்கம், கூலி இன்னொரு பக்கம்.

"கூலி எதுக்குப்பா? நானே போட்டுர்றேன்" என்றேன். யூடியூபில் நாலு வீடியோ பார்த்திருந்தேன். அப்பா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "சரி, படிக்கிறது இதானே" என்றார். அந்தக் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. அதை நான் நல்லாவே கவனித்தேன்.

ஒரு சனிக்கிழமை மதியம் ஆரம்பித்தேன். பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி... எல்லாம் புத்தகப்படி. புது காலிப்பர் ரெண்டையும் ஒரே நேரத்தில் அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒரு சாக்கு மேல் வைத்தேன். பெட்டிகளைத் தங்கச்சி ஓரமாகத் தூக்கிப் போட்டாள். இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்க.

ராத்திரி எட்டு மணிக்கு எல்லாம் மாட்டியாச்சு. அடுத்தது ஏர் எடுக்கிற வேலை. தங்கச்சி டிரைவர் சீட்டில். நான் கீழே, நிப்பிளில் டியூப் மாட்டி, டியூபின் இன்னொரு முனையை பிரேக் ஆயில் ஊற்றின பாட்டிலுக்குள் விட்டு உட்கார்ந்திருந்தேன்.

"மிதி." "மிதிச்சுட்டேன்." "பிடி." நிப்பிளைத் திற. ஆயில் வரும். நிப்பிளை மூடு. "விடு."

இதே பாட்டுதான் ஒரு மணி நேரம். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமா இருக்கிற சக்கரத்தில் ஆரம்பித்து, கிட்ட இருக்கிற சக்கரத்தில் முடித்தேன். மேலே இருக்கிற ஆயில் டப்பா காலியாகாமல் பார்த்துக்கொண்டேன். பின்சக்கரத்தில் கொஞ்சம் குமிழி வந்தது. முன்சக்கரம் ரெண்டிலும் முதலில் சில குமிழி, அப்புறம் சுத்தமான ஆயில். ஒரு குமிழி இல்லை.

ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்தேன். நனைந்த பஞ்சு மூட்டையை மிதிப்பது மாதிரி உள்ளே போனது. மூணு நாலு தடவை வேகமாக அடித்தால் கொஞ்சம் மேலே வருகிறது, ஆனால் ஸ்பிரிங் மாதிரி துள்ளுகிறது. விட்டுவிட்டு மறுபடி மிதித்தால் பழையபடி பஞ்சு. திரும்பவும் நாலு சக்கரமும் ஏர் எடுத்தேன். ஆயில் கண்ணாடி மாதிரி வருகிறது. பெடல் அப்படியே இருக்கிறது.

அப்பா வந்து மிதித்துப் பார்த்தார். "என்னடா தம்பி, கீழ போகுது?"

இங்கேதான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். "புது பேடு, புது ஷூப்பா. செட் ஆகணும். ஓட ஓட சரியாயிடும்."

எனக்கு அது உறுதியாகத் தெரியுமா? தெரியாது. புது பேடு டிஸ்க்கோடு பழகக் கொஞ்ச தூரம் ஓடணும் என்பது உண்மைதான். ஆனால் பேடு பழகாமல் இருந்தால் பிடிமானம் கொஞ்சம் குறையுமே தவிர பெடல் பஞ்சாகாது. அது எனக்குள்ளே எங்கேயோ தெரிந்துதான் இருந்தது. வேறு யாராவது சொல்லியிருந்தால் அப்பா நம்பியிருக்க மாட்டார். இன்ஜினியரிங் படிக்கிற மகன் சொல்கிறான். "அப்ப சரி. காலைல நாலு மணிக்கு சிறுமலைக்குக் கிளம்பணும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. படுத்துக்கொண்டே கணக்குப் போட்டேன். நீங்களும் கூடவே போட்டுப் பாருங்க.

பிரேக் ஆயில் ஏன் வேலை செய்கிறது? திரவத்தை அமுக்கினால் அது சுருங்குவது மிகக் கொஞ்சம். 50 பார் அழுத்தம் கொடுத்தாலும் நூறில் ஒரு பங்குகூடச் சுருங்காது. அதனால் நீங்க பெடலில் கொடுக்கிற அழுத்தம் அப்படியே நாலு சக்கரத்துக்கும் போய்ச் சேருகிறது. ஆனால் காற்று? அதே 50 பாரில் அது தன் பருமனில் ஐம்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். 1 மில்லி காற்று உள்ளே இருந்தால், அதைச் சுருக்கவே கிட்டத்தட்ட 1 மில்லி ஆயிலை மாஸ்டர் சிலிண்டர் கூடுதலாகத் தள்ளணும். மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் 20 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். குறுக்குப் பரப்பு 3.14 சதுர செ.மீ. அப்படியானால் 1 மில்லிக்கு பிஸ்டன் சுமார் 3 மி.மீ. நகரணும். பெடல் நெம்புகோல் விகிதம் 4 என்றால், உங்க கால் சுமார் 13 மி.மீ. கூடுதலாகக் கீழே போகும்.

வெறும் 1 மில்லிக்கே இப்படி. ஒரு டீஸ்பூன் அளவு, அதாவது 5 மில்லி காற்று உள்ளே இருந்தால் பெடல் ஆறு செ.மீ.க்கு மேல் சும்மா போகும். அதற்குள் பெடல் தரையைத் தொட்டுவிடும்.

அடுத்த கணக்கு இன்னும் பயமுறுத்தியது. லோடோடு வண்டி 1,600 கிலோ, மலையிலிருந்து இறங்குகிற உயரம் 800 மீட்டர் என்று வைத்துக்கொண்டேன். mgh போட்டால் ஏறக்குறைய 1 கோடியே 25 லட்சம் ஜூல். சுமார் 40 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சக்தி. அதில் ஒரு பகுதியை இன்ஜின் தாங்கும். அதனால்தான் டிரைவர்கள் எல்லாரும் 'ஏறின கியர்லயே இறங்கு' என்று சொல்கிறார்கள். மிச்சம் முழுக்க டிஸ்க்கிலும் டிரம்மிலும் சூடாகத்தான் மாறணும். அந்தச் சூடு ஆயிலுக்கும் போகும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சுகிற சாமான். புது டாட் 3 ஆயில் குறைந்தபட்சம் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தரம். அதே ஆயில் 3.7 சதவீதம் தண்ணீர் குடித்துவிட்டால் அந்த அளவு 140 ஆக இறங்கிவிடும். கொதித்தால் ஆவி. ஆவி என்றால் மறுபடியும் சுருங்கக்கூடிய வாயு. ஏற்கெனவே பஞ்சாக இருக்கிற பெடலில் இதுவும் சேர்ந்தால், பதினோராவது வளைவிலோ பன்னிரண்டாவது வளைவிலோ என்ன ஆகும்?

ரெண்டரை மணிக்கு எழுந்து போய் இருட்டில் வண்டியில் உட்கார்ந்து பெடலை மிதித்தேன். ஒரு வேளை தானாகச் சரியாகியிருக்குமோ என்ற நப்பாசை. ஆகவில்லை. அப்பா மூணேமுக்காலுக்கு எழுந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"அப்பா, வண்டிய எடுக்க வேணாம்."

"ஏன்?"

"பிரேக் சரியில்ல. நேத்து நான் சொன்னது சும்மா சொன்னது. என்ன பிரச்சினைன்னு எனக்குத் தெரியல."

அப்பா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு லோடுக்காரருக்கு போன் போட்டு, வேறு வண்டியைச் சொல்லச் சொன்னார். ஒரு நாள் வாடகை போச்சு. போனை வைத்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "தெரியலைன்னு நேத்தே சொல்லிருந்தா நேத்தே ஆளக் கூப்பிட்டிருப்பேன்ல." போய்ப் படுத்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

ஒன்பது மணிக்குத் தெருக்கோடியில் இருக்கிற மாமா வந்தார். சொந்த மாமா இல்லை, பல வருஷம் பட்டறையில் இருந்தவர், எல்லாருக்கும் மாமா. வந்ததும் எந்த ஸ்பேனரையும் தொடவில்லை. பெடலை மட்டும் மூணு விதமாக மிதித்தார். அதைத்தான் நான் இந்தக் கட்டுரையில் முக்கியமாக உங்களுக்குச் சொல்ல நினைத்தேன்.

முதல் மிதி: மெதுவாக மிதித்து அப்படியே அழுத்திப் பிடித்தார். பெடல் காலுக்குக் கீழே மெல்ல மெல்ல இறங்கினால், எங்கேயோ ஆயில் ஒழுகுகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள்ளே ரப்பர் கப் தேய்ந்து ஆயில் பின்னால் நழுவுகிறது. எங்களுடையது இறங்கவில்லை, நின்றது. "மாஸ்டர் மேல சந்தேகம் இல்ல."

ரெண்டாவது மிதி: வேகமாக நாலு தடவை அடித்தார். பெடல் மேலே வந்து கல்லு மாதிரி நின்றால், காற்று இல்லை. ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம், அட்ஜஸ்ட் பண்ணணும். மேலே வந்தும் துள்ளினால் உள்ளே காற்று. எங்களுடையது ரெண்டும் கலந்தது. மேலே வந்தது, துள்ளவும் செய்தது.

மூணாவது மிதி: இன்ஜினை நிறுத்திவிட்டு நாலைந்து தடவை மிதித்து பூஸ்டரில் இருக்கிற வேக்யூமைக் காலி பண்ணி, காலை எடுக்காமல் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணினார். பெடல் லேசாக ஒரு விரல்கடை இறங்கியது. "பூஸ்டர் நல்லாருக்கு. இது இறங்குறதப் பாத்துப் பயப்படாத, இது இறங்கித்தான் ஆகணும்."

அப்புறம் கீழே குனிந்து, ரப்பர் சுற்றின ஒரு தட்டையான கிளாம்பை எடுத்தார். பின்சக்கரத்துக்குப் போகிற ரப்பர் ஹோஸை மெதுவாக அமுக்கினார். அந்தப் பக்கம் ஆயில் போகாது. "மிதி." பஞ்சுதான். கிளாம்பை எடுத்து இடது முன்சக்கர ஹோஸில் போட்டார். "மிதி." கொஞ்சம் கெட்டியானது. இன்னொரு கிளாம்பை வலது முன்சக்கரத்திலும் போட்டார். "மிதி." பெடல் செங்கல் மாதிரி நின்றது. (பல் இருக்கிற பிளேயரால் ஹோஸை இப்படி அமுக்கிவிடாதீங்க. ஹோஸ் உள்ளே கிழியும். பழைய, வெடிப்பு விட்ட ஹோஸில் கிளாம்பே போடக்கூடாது.)

நாம் லேப்பில் சர்க்யூட்டில் ஒவ்வொரு பகுதியாகத் துண்டித்துத் தப்பைத் தேடுவோமே, அதேதான். அஞ்சு நிமிஷத்தில் மாஸ்டர், பூஸ்டர், பின்சக்கரம் எல்லாம் லிஸ்ட்டிலிருந்து போய்விட்டது. மிச்சம் முன்சக்கரம் ரெண்டு மட்டும்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தப்புன்னா, மாட்டுனவன் தப்பு மாப்ள" என்றார் மாமா. "ஏர் எடுக்கயில நிப்பிள் எங்க இருந்துச்சு?"

"கீழ இருந்துச்சு மாமா. பாட்டில் வைக்க வசதியா..."

சொல்லி முடிக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. மாமா சிரித்துக்கொண்டே டீ குடிக்கப் போய்விட்டார்.

உங்களுக்கும் விளங்கியிருக்கும். இடது காலிப்பரும் வலது காலிப்பரும் கண்ணாடியில் பார்க்கிற பிம்பம் மாதிரி. பல வண்டிகளில் போல்ட் துளை ரெண்டுக்கும் ஒரே அளவு. மாற்றி மாட்டினாலும் மாட்டிக்கொள்ளும், சக்கரமும் சுற்றும், பேடும் பிடிக்கும். ஒரே வித்தியாசம், மேலே இருக்கவேண்டிய நிப்பிள் கீழே வந்துவிடும். காற்று மேலே போகும், ஆயில் கீழே நிற்கும். கீழே இருக்கிற ஓட்டை வழியாக நான் ராத்திரி முழுக்க எடுத்தது நல்ல ஆயிலை மட்டும். காற்று காலிப்பரின் உச்சியில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. குமிழி வராததைப் பார்த்து 'காற்று இல்லை' என்று முடிவு கட்டினேன். குமிழி வராததற்குக் காரணம், காற்று இருக்கிற இடத்தில் நான் வழி வைக்காததுதான். ஆறாங்கிளாஸ் பையனுக்குத் தெரிந்த விஷயம்.

சாக்கு மேல் ரெண்டையும் ஒன்றாக வைத்ததும், பெட்டிகளைத் தூக்கிப் போட்டதும் அங்கேதான் வினையானது. பெட்டி மேல் எது இடது எது வலது என்று அச்சடித்திருந்தது. குப்பையிலிருந்து எடுத்து அப்புறம்தான் படித்தேன்.

மறுபடி கழற்றி, பக்கம் மாற்றி மாட்டினேன். ஹோஸ் போல்ட்டின் ரெண்டு பக்கமும் புது செம்பு வாஷர் போடச் சொன்னார் மாமா. பழையது ஒரு தடவை நசுங்கிவிட்டால் மறுபடி சரியாக அடைக்காது. ஹோஸ் முறுக்கு இல்லாமல் இயல்பாகத் தொங்குகிறதா, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் எங்கேயும் உரசுகிறதா என்று பார்த்தோம். பழைய தங்கச்சி, பழைய பாட்டு: மிதி, பிடி, விடு. இந்தத் தடவை நிப்பிளைத் திறந்ததும் கோலி சோடா உடைத்த மாதிரி நுரைத்துக்கொண்டு வந்தது. ரெண்டு பக்கமும். பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பின்சக்கரத்தில் புது ஷூவையும் அட்ஜஸ்ட் பண்ணினோம். டிரம் உரசுகிற வரைக்கும் இறுக்கி, தாராளமாகச் சுற்றுகிற அளவுக்குத் தளர்த்தணும். நான் அதையும் செய்யாமல் விட்டிருந்தேன். பெடல் பாதி தூரத்திலேயே கெட்டியாக நின்றது. பத்து நிமிஷம் அழுத்திப் பிடித்துப் பார்த்தோம், இறங்கவில்லை. முதலில் காலி மைதானத்தில் நடக்கிற வேகத்தில், அப்புறம் காலி ரோட்டில், அதுக்கப்புறம்தான் லோடு. எல்லாம் முடிந்து கையை வழித்துக் கழுவும்போது பார்த்தால் மட்கார்டில் ரெண்டு இடத்தில் பெயின்ட் உரிந்திருந்தது. பிரேக் ஆயில் பெயின்டைத் தின்னும், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவணும். அதுவும் தெரிந்துகொண்டேன்.

வேடிக்கை என்னவென்றால், பெரிய லாரியிலும் பஸ்ஸிலும் இதே காற்றுதான் பிரேக்கையே பிடிக்கிறது. 1869-ல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் ரயிலுக்காகக் கண்டுபிடித்த ஏர் பிரேக்கின் வாரிசு அது. நம்ம குட்டி யானையில் இருப்பது வேறு குடும்பம். மால்கம் லாக்ஹீட் என்பவர் 1917-ல் காப்புரிமை வாங்கிய ஹைட்ராலிக் பிரேக். விமானக் கம்பெனி பேரில் வருகிற அதே லாக்ஹீட் குடும்பம்தான். 1921-ல் டூசன்பெர்க் கார் நாலு சக்கரத்துக்கும் அதை வைத்து வெளிவந்தது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அதன் எதிரி அதே ஒரு டீஸ்பூன் காற்றுதான்.

செவ்வாய்க்கிழமை அப்பாவோடு நானும் சிறுமலைக்குப் போனேன். இறங்கும்போது வாழைத்தார் வாசனை கேபின் முழுக்க. ஏறின கியரிலேயே இறங்கினார். பிரேக்கை வளைவுக்கு முன்னால் ஒரு அழுத்து, அப்புறம் விட்டுவிடுவார். காலை அதன் மேலேயே வைத்துக்கொண்டு வரவில்லை. பதினெட்டு வளைவையும் நான் எண்ணினேன். அவர் எண்ணியதாகத் தெரியவில்லை. கீழே இறங்கி டீக்கடையில் நிறுத்தியதும் கேட்டார், "என்னடா, சத்தத்தையே காணோம்?"

மக்களே, நாம் எல்லாரும் ப்ராஜெக்ட் ரிவியூவில் நிற்கும்போது, வைவாவில் மாட்டிக்கொள்ளும்போது, ஏதாவது சொல்லிச் சமாளிக்கப் பழகியிருக்கிறோம். அங்கே போகிறது ரெண்டு மார்க். வீட்டில் நம்ம வார்த்தையை நம்பி ஒருத்தர் மலை இறங்குவார். அந்த ராத்திரி நான் தூங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்பவும் சில சமயம் நினைத்துக்கொள்கிறேன்.

போன வாரம் அப்பா போன் பண்ணினார். வண்டியில் மூணாவது கியர் போடும்போது ஏதோ சத்தம் வருகிறதாம். "என்னவா இருக்கும்?" என்றார்.

"தெரியலப்பா. வந்து பாத்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் மாமாகிட்ட ஒரு தடவ காட்டுங்க" என்றேன்.

"ம்ம்" என்றார். வைக்கும்போது சிரித்த மாதிரி இருந்தது.